பேசினால் மீன் ஓடுமா?

தாம்பரத்தைச் சுற்றி ஏரிக்குப் பஞ்சமில்லை. இரும்புலியூர், பீர்க்கன்காரணை, முடிச்சூர், சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் என்று சொல்லிக்கொண்டே போகலாம். வீட்டுமனைகள் விழுங்கியது போக மிச்சமிருக்கும் தண்ணீரில் ஞாயிற்றுக்கிழமை காலையானால் யாராவது தூண்டில் போட்டுக்கொண்டிருப்பார்கள். மூங்கில் குச்சி, நைலான் நரம்பு, தக்கை, டப்பாவில் மண்புழு. புழு கிடைக்காவிட்டால் பிசைந்த மைதா உருண்டை. வேடிக்கை பார்க்க வந்த பையன்கள் வாயைத் திறந்தால் போதும், "டேய், சத்தம் போடாதீங்கடா, மீன் ஓடிரும்" என்று அதட்டல் விழும். அதட்டி முடிப்பதற்குள் ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு லாரி ஏர் ஹாரன் அடிக்கும். செங்கல்பட்டு மின்சார ரயில் தடதடத்துக்கொண்டு போகும். விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானம் தலைக்கு மேல் உறுமும். பையன்களில் கெட்டிக்காரன் ஒருவன் கேட்பான்: "அதுக்கெல்லாம் ஓடாத மீனு நாங்க பேசினா மட்டும் ஓடிடுமாண்ணா?"

நியாயமான கேள்வி. இதே கேள்வியை ஏரி உறைந்துபோகும் ஊர்களிலும் கேட்கிறார்கள். கனடாவில் டொராண்டோவுக்கு வடக்கே சிம்கோ ஏரி இருக்கிறது. ஸ்கார்பரோவில் குடியிருக்கும் நம்மவர்கள் காரில் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். குளிர்காலத்தில் அந்த ஏரியின் மேல்பரப்பு கெட்டியான பனிக்கட்டியாகிவிடும். மோட்டார் வைத்த துரப்பணத்தால் அதில் ஓட்டை போட்டு, தூண்டிலை உள்ளே இறக்கி, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். துளைக்கிற சத்தத்தில் மீன் போய்விடுமா, பனிமேல் வண்டி ஓட்டலாமா, பாட்டு வைக்கலாமா என்று அங்கே ஓயாத வாக்குவாதம். தாம்பரத்தின் கொதிக்கும் ஏரிக்கும் சிம்கோவின் உறைந்த ஏரிக்கும் இயற்பியல் ஒன்றுதான். சத்தம் எவ்வளவு பெரிது என்பதைவிட, அது எந்த வழியாகத் தண்ணீருக்குள் போகிறது என்பதே முக்கியம்.

நீச்சல் தெரிந்தவர்கள் கிணற்றிலோ குளத்திலோ ஒரு முறை சோதித்துப் பார்க்கலாம். தலையை நீருக்குள் அமிழ்த்தியதும் கரையில் இருப்பவர்களின் பேச்சு சட்டென்று மங்கிவிடும். ஆனால் அதே கிணற்றுத் தண்ணீருக்குள் யாராவது இரண்டு கூழாங்கற்களைத் தட்டினால், காதுக்குப் பக்கத்திலேயே தட்டியது போலக் கேட்கும். காரணம் நீர்ப்பரப்புதான். காற்று லேசானது, எளிதில் அமுங்குவது. தண்ணீர் கனமானது, அமுங்க மறுப்பது. ஓர் ஊடகம் ஒலியின் தள்ளலுக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்க மறுக்கிறது என்பதை 'ஒலி மறுப்பு' என்று அழைக்கலாம். தண்ணீரின் ஒலி மறுப்பு காற்றைப் போல ஏறத்தாழ 3,600 மடங்கு. இப்படி இரண்டும் ஏணி வைத்தாலும் எட்டாத நிலையில் இருப்பதால், காற்றில் வரும் ஒலி ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் தண்ணீருக்குள் நுழைகிறது. மிச்சமெல்லாம் திரும்பிப் போய்விடுகிறது.

அதுவும் நேர் மேலிருந்து வந்தால்தான். ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். நம் ஊர் வெதுவெதுப்பான ஏரித் தண்ணீரில் 1,500 மீட்டர். வேகம் இப்படி நாலு மடங்குக்கு மேல் மாறும் எல்லையில், செங்குத்திலிருந்து சுமார் 13 பாகைக்கு மேல் சாய்ந்து வரும் ஒலி உள்ளே போக வழியின்றி மேற்பரப்பிலேயே வழுக்கித் திரும்பிவிடும். பயிற்சி விமானம் ஏரிக்கு நேர் மேலே வரும் அந்தச் சில விநாடிகளில்தான் அதன் உறுமல் நேரடியாக உள்ளே இறங்குகிறது. சாலையோர லாரி ஹாரனோ கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் வருகிறது. நம் காதைக் கிழிக்கும் அந்த ஓலத்தில் தண்ணீருக்குள் சேருவது சொற்பம்.

தண்ணீரில் ஒலியின் வேகத்தை முதலில் துல்லியமாக அளந்ததும் ஓர் ஏரியில்தான். 1826-இல் ஜெனீவா ஏரியில் கொலாடோன், ஸ்டர்ம் என்ற இருவர் இரண்டு படகுகளைப் 13 கிலோமீட்டருக்கு மேல் விலக்கி நிறுத்தினார்கள். ஒரு படகில் தண்ணீருக்குள் தொங்கவிட்ட மணியை அடிக்கும்போதே வெடிமருந்தும் பளிச்சென்று எரியும். மறு படகில் இருப்பவர் நீருக்குள் இறக்கிய நீண்ட ஊதுகுழல் ஒன்றில் காதை வைத்து, வெளிச்சம் தெரிந்ததிலிருந்து மணி கேட்கும்வரை நேரத்தைக் கணக்கிட்டார். 8 பாகைக் குளிர்நீரில் விநாடிக்கு 1,435 மீட்டர் என்று விடை வந்தது. இன்றைய கருவிகளின் அளவும் அதை ஒட்டியே இருக்கிறது. அவர்களுக்குக் கிடைத்த இன்னொரு செய்தியும் உண்டு: தண்ணீருக்குள்ளேயே பிறந்த ஓசை 13 கிலோமீட்டர் போயும் தெளிவாகக் கேட்டது.

அதாவது, காற்று வழி அடைபட்டிருந்தாலும் வேறு வழிகள் திறந்தே இருக்கின்றன. பைக்கைக் கரைமேல் ஏற்றி ஸ்டாண்டு போடும் 'டக்'. கரையில் ஓடும் கால்கள். ரப்பர் படகில் பக்கெட்டை இழுக்கும் கரகரப்பு. இவை எல்லாம் ஈரமண் வழியாகவோ படகின் அடிப்பகுதி வழியாகவோ நேரே தண்ணீரில் இறங்குகின்றன. ஈரமண்ணின் ஒலி மறுப்பு தண்ணீரிலிருந்து அவ்வளவு தொலைவில் இல்லை; ஆகவே அதிர்வு எல்லையில் பெரிதாகத் திருப்பி அனுப்பப்படுவதில்லை. ரயிலும் அப்படித்தான். அதன் இரைச்சல் காற்றில் வருவதைவிடத் தண்டவாளத்துக்கு அடியிலுள்ள மண்ணின் அதிர்வாகவே ஏரிக்குள் சேருகிறது.

உறைந்த ஏரியில் இது உச்சத்துக்குப் போகிறது. பனிக்கட்டியில் ஒலி விநாடிக்கு 3,000 மீட்டருக்கு மேல் ஓடும். பனிக்கட்டிக்கும் தண்ணீருக்கும் இடையே ஒலி ஆற்றலின் பெரும்பகுதி தாராளமாகக் கடந்துவிடும். மேலே நடப்பவரின் பூட்ஸ் சத்தம், துரப்பணத்தின் கறகறப்பு எல்லாம் கீழே போய்ச் சேரும். ஆனால் பனித்தளத்தின் மேல் நின்று கத்தினால்? அது காற்றுவழி. ஆயிரத்தில் ஒன்று என்ற அதே கணக்குத்தான். ஒன்றையும் மறக்கக் கூடாது: உறைந்த ஏரி தானாகவே பெரும் சத்தம் போடும். வெப்பநிலை மாறும்போது பனி விரிந்து, சுருங்கி, பிளந்து இடி போலவும் விசில் போலவும் ஒலி எழுப்பும். அங்குள்ள மீன்கள் பிறந்ததிலிருந்து அந்த ஓசைக்குள்ளேயே வாழ்கின்றன.

சரி, உள்ளே போனதை மீன் கேட்கிறதா? மீனின் தலையில் காதுமடல் இல்லை, துளை இல்லை, செவிப்பறை இல்லை. நூறு ஆண்டுகளுக்கு முன்புவரை பல விஞ்ஞானிகள் மீன் செவிடு என்றே நம்பினார்கள். ஆஸ்திரியாவில் கிரெம்ஸ்மூன்ஸ்டர் என்ற மடாலயத்துக் குளத்தில் மணி அடித்தால் மீன்கள் இரை தின்னக் கூடும் என்று பேர்போன கதை. 1890-களில் அலோய்ஸ் கிரைடல் என்ற ஆய்வாளர் அங்கே போய்ப் பார்த்தார். மறைவாக நின்று மணி அடித்தால் ஒரு மீனும் வரவில்லை. ஆள் நடந்து வந்து தண்ணீரோரம் தெரிந்தால், மணி அடிக்காவிட்டாலும் வந்தன. ஆக, மீன்கள் ஆளைப் பார்த்து வருகின்றன, காலடி அதிர்வை உணர்ந்து வருகின்றன, மணி வெறும் சடங்கு என்று முடிவு கட்டினார். நம் கோயில் குளங்களில் பொரியோடு படியிறங்கும்போதே மீன்கள் மொய்த்துக்கொண்டு வருமே, அங்கும் இதே சந்தேகத்தை எழுப்பலாம்.

கிரைடலின் சோதனை நேர்த்தியானது. முடிவுதான் அவசரம். மணி கேட்டும் அதைப் பொருட்படுத்தாமல் இருக்கலாம் அல்லவா? இந்த ஓட்டையைப் பிடித்தவர், பிற்காலத்தில் தேனீக்களின் நடனத்தைப் படித்து 1973-இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் ஃபான் ஃபிரிஷ். 1920-களின் தொடக்கத்தில் அவர் ஒரு கெளுத்தி மீனை வளர்த்தார். பார்த்து வருகிறது என்ற சந்தேகமே எழக்கூடாது என்பதற்காக அதன் கண்களை அகற்றிவிட்டார். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது. பகலெல்லாம் அது ஒரு மண்குழாய்க்குள் ஒடுங்கிக் கிடக்கும். இறைச்சித் துணுக்கைக் குச்சியில் நீட்டும் முன் ஒவ்வொரு முறையும் விசில் அடித்தார். சில நாட்களில், இரையே நீட்டாமல் விசில் அடித்தாலும் மீன் குழாயை விட்டு வெளியே வந்தது. மீன் செவிடு என்று அழுத்தமாக எழுதிவந்த ஓட்டோ கோர்னர் என்ற காது மருத்துவரும் நேரில் பார்த்துவிட்டு ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

விசில் காற்றில் அடிக்கப்பட்டது. ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே போகும் என்று மேலே சொன்னோம். அந்த ஒரு பங்கே கெளுத்திக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. ஆகவே, "நாம் பேசுவது மீனுக்குக் கேட்கவே கேட்காது" என்று சிலர் அடித்துச் சொல்வதும் சரியில்லை. எந்த மீன் என்று பார்க்க வேண்டும்.

மீனின் காது தலைக்குள்ளேயே இருக்கிறது. அதில் சுண்ணாம்பாலான சின்னஞ்சிறு கற்கள் உண்டு. செவிக்கல் என்று சொல்லலாம். கத்தாளை மீனின் தலையை உடைக்கும்போது வெள்ளைக் கல்லாக விழுமே, அதுதான். கல்லுக்கு அடியில் நுண்மயிர் கொண்ட உணர்செல்கள். மீனின் உடல் பெரும்பாலும் தண்ணீரே என்பதால், ஒலி அலை வந்தால் தண்ணீரோடு சேர்ந்து உடலும் முன்பின் ஆடும். செவிக்கல் மட்டும் அடர்த்தி கூடியது, அது பின்தங்கும். பேருந்து திடீரென்று கிளம்பும்போது கம்பியைப் பிடிக்காமல் நிற்பவர் பின்னால் சாய்வதைப் போல. அந்தச் சாய்வில் மயிர்கள் வளைய, நரம்பு துடிக்கிறது. இந்த அமைப்பு மட்டும் இருந்தால் தாழ்ந்த, அருகிலிருந்து வரும் ஒலிகள்தான் கேட்கும்.

சில மீன்களுக்கு இன்னொரு வசதி வாய்த்திருக்கிறது. மிதப்பதற்காக வயிற்றில் இருக்கும் காற்றுப்பை, ஒலியழுத்தம் பட்டதும் சுருங்கி விரியும். கெண்டை, கட்லா, ரோகு, மிர்கால், கெளுத்தி ஆகிய கூட்டத்தில் இந்தப் பைக்கும் காதுக்கும் நடுவே தொடராகச் சில சிற்றெலும்புகள் உள்ளன. 1820-இல் எர்ன்ஸ்ட் வெபர் இவற்றை விவரித்ததால் வெபர் எலும்புகள் என்று பெயர். பையின் துடிப்பை அவை நேரே காதுக்குக் கொண்டுபோகின்றன. கெண்டையின் உறவான தங்கமீன் விநாடிக்கு 3,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியைக் கேட்கும். மனிதப் பேச்சின் பெரும்பகுதி இதற்குள் அடக்கம். நம் ஏரிகளில் கொட்டிக் கிடக்கும் ஜிலேபி மீனுக்கு இந்த எலும்புத் தொடர் இல்லை. அதன் கேள்விப் புலன் ஆயிரம் அதிர்வுகளை ஒட்டியே நின்றுவிடுகிறது, கூர்மையும் குறைவு. சிம்கோ போன்ற ஏரிகளில் பனிக்கு அடியில் தேடப்படும் ட்ரவுட் மீனின் உறவினரான சால்மனோ விநாடிக்கு 400 அதிர்வுகளைத் தாண்டுவதில்லை. வேடிக்கைதான்: சத்தத்துக்கு ரொம்ப அஞ்சும் பனித் தூண்டில்காரர்கள் பிடிக்கப்போவது அரைச்செவிட்டு மீனை; கூர்ங்காது மீன்களோ ஏர் ஹாரன்களுக்கு நடுவே இங்கே வாழ்கின்றன.

இவையெல்லாம் எப்படித் தெரியும்? பாதி, ஃபிரிஷ் வழியில் வந்தது: ஒலியையும் இரையையும் சேர்த்துப் பழக்கி, ஒலியைக் குறைத்துக்கொண்டே போய் எந்த அளவில் மீன் வராமல் போகிறது என்று பார்ப்பது. மறுபாதி, மீனின் தலைமேல் மின்முனை வைத்து, ஒலி எழும்போது மூளையில் எழும் மெல்லிய மின்னலையைப் பதிவு செய்வதிலிருந்து வந்தது. தண்ணீரில் ஒலியை அளக்க ஹைட்ரோபோன் என்னும் நீரொலி வாங்கி இருக்கிறது. இங்கே ஓர் எச்சரிக்கை. தண்ணீருக்குள் 120 டெசிபல் என்று செய்தி வந்தால், அதைக் காற்றில் 120 டெசிபல் என்ற ஜெட் இரைச்சலோடு வைத்துப் பார்க்கக் கூடாது. இரண்டுக்கும் அளவுகோலின் தொடக்கப் புள்ளியே வேறு. ஒரே ஆற்றலோட்டத்துக்கு நீரின் எண் சுமார் 62 கூடுதலாக வரும். நாளிதழ்கள் அடிக்கடி இதில் வழுக்கி விழுகின்றன.

காதோடு கதை முடியவில்லை. மீனின் விலாவில் செவுளிலிருந்து வால்வரை ஒரு கோடு தெரியும். அது பக்கக்கோட்டு உறுப்பு. அருகில் தண்ணீர் நகர்ந்தால் தோலாலேயே அறிந்துகொள்ளும் புலன் அது. ஓரிரு உடல் நீளத் தொலைவுக்குள்தான் வேலை செய்யும். திடீர் அதிர்ச்சி வந்தால் மௌத்னர் செல்கள் என்னும் இரண்டு ராட்சத நரம்புச் செல்களில் ஒன்று தூண்டப்பட்டு, விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் உடல் வில்லாக வளைந்து மீன் பாய்ந்துவிடும். யோசிக்க அவகாசமே இல்லாத பாய்ச்சல் அது. கரையோரம் காலை உதைத்தால் நடப்பது இதுதான்.

மீன்களும் ஓசை எழுப்புகின்றன என்பது தூண்டில்காரர்களுக்குப் புதிதல்ல. கெளுத்தியைத் தூண்டில் முள்ளிலிருந்து கழற்றும்போது அது மார்புத் துடுப்பின் முள்ளைத் தேய்த்துக் கர்கர் என்று ஒலி எழுப்பும். ஜிலேபி ஆண்மீன் இணையை அழைக்கத் தாழ்ந்த குரலில் உறுமும். நம் காதுக்குத்தான் எட்டாது. மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்களைப் பற்றி எமர்சன் டென்னன்ட் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார்.

ஆழம் குறைந்த ஏரிக்கென்று ஒரு தனி விதி உண்டு. தாழ்ந்த ஒலியின் அலைநீளம் பெரிது. விநாடிக்கு 100 அதிர்வுகள் என்றால் நீரில் ஓர் அலை 15 மீட்டர் நீளும். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அது படுத்துப் பரவ இடமில்லை. சில நூறு அதிர்வுகளுக்குக் கீழ்ப்பட்ட ஒலி அத்தகைய நீரில் பிறந்த இடத்தைச் சுற்றியே மடிந்துவிடும். நிரம்பினாலும் செம்பரம்பாக்கம் ஏரியின் ஆழமே 24 அடிதான். கோடையில் நம் சிற்றேரிகளைக் கேட்கவே வேண்டாம். ஆக ரயிலின் உறுமல் தண்டவாளப் பக்கத்துக் கரையோர மீனுக்கு வலுவாகவும், எதிர்க்கரை மீனுக்கு மெலிந்தும்தான் போய்ச் சேரும்.

இனி, கேட்ட மீன் என்ன செய்கிறது? நாள் முழுக்க ஒரே மாதிரி வரும் ஓசையோடு எந்தக் கெடுதலும் சேர்ந்து வராவிட்டால் மீன் அதைப் பொருட்படுத்துவதை விட்டுவிடும். இது பழகிப்போதல். ரயிலுக்கு ஓடாத மர்மம் இவ்வளவுதான். ஆனால் பழகிவிட்டது என்பதற்காகப் பாதிப்பே இல்லை என்று அர்த்தமில்லை. 2004-இல் ஸ்மித், கேன், பாப்பர் என்ற ஆய்வாளர்கள் தங்கமீன்களைத் தொடர் இரைச்சலில் வைத்துப் பார்த்தபோது பத்தே நிமிடத்தில் அவற்றின் கேள்விக்கூர்மை குறையத் தொடங்கியது. ஒரு நாளில் 28 டெசிபல் இழந்தன. இரைச்சல் நின்ற பின் அது மெல்லத் திரும்பியது. ஜிலேபி வகையிலோ அதே போன்ற சோதனையில் பெரிய இழப்பில்லை. கெடுவதற்கு அதனிடம் அவ்வளவு நல்ல காது இருந்தால்தானே! 2011-இல் பர்சர், ராட்ஃபோர்டு என்ற இருவர் ஸ்டிக்கிள்பேக் என்னும் சிறு மீன்களுக்கு இடையிடையே இரைச்சலைக் கேட்க வைத்தார்கள். அவை ஓடிப்போகவில்லை. ஆனால் இரையைக் கவ்வுவதில் தடுமாறின. இரை எது, குப்பை எது என்று பிரித்தறிவதில் தவறின. தூண்டில்காரருக்கு இது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்பதை அவரவர் தீர்மானித்துக்கொள்ளலாம்.

மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்து மீன்பிடித் திருவிழாவை நினைத்தால் சத்தத்துக்கு மீன் அகப்படாது என்பது அடிபட்டுப் போகிறதே என்று தோன்றும். கோடையில் கண்மாய் வற்றும்போது பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊரே கூச்சலோடு ஊத்தா, கச்சா, வலை என்று கையில் கிடைத்ததோடு இறங்கும். மீன்கள் ஓடத்தான் பார்க்கின்றன. முழங்கால் தண்ணீரில் ஓட இடமில்லை. கலங்கிய சேற்றில் மூச்சுத் திணறி மேலே வருகின்றன. வலை கட்டிவிட்டுத் தண்ணீரைத் தடியால் அடித்து மீனை விரட்டுகிறவர்களும் அந்த மிரட்சியைத்தான் பயன்படுத்துகிறார்கள். அடி தண்ணீரிலேயே விழுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கரையில் நின்று கத்தி யாரும் மீனை வலைக்குள் விரட்டியதில்லை.

ஆகவே, அந்தப் பையனுக்குச் சொல்ல வேண்டிய பதில் இது. ஜிலேபிக்குத் தூண்டில் போட்டிருந்தால் தாராளமாகப் பேசலாம். கெண்டைக்கோ கெளுத்திக்கோ என்றால் பேச்சு காதில் விழக்கூடும்; அதற்காக ஓடாது. ஓட வைப்பவை பைக் ஸ்டாண்டு, குதிக்கும் கால், தண்ணீரில் விழும் கல், படகில் உருளும் பாத்திரம். கூடவே நிழல். பேசுகிறவர்கள் வழக்கமாக எழுந்து நடமாடுகிறவர்களாகவும் இருப்பதால், நிழலும் காலடியும் செய்த குற்றம் வாய்மேல் விழுகிறது. வண்டியைக் கரைக்குக் கீழேயே விட்டுவிட்டு, மெதுவாக நடந்து வந்து, நிழல் தண்ணீரில் விழாத பக்கம் உட்கார்ந்தால் போதும்.

ஒரே ஒரு ஓசை மட்டும் இந்தக் கணக்குகளில் அடங்காது. தண்ணீரில் வெடி போட்டு மீன் பிடிக்கும் கொடுமை இன்னும் ஒழிந்தபாடில்லை. கெண்டைக்குக் கூர்ங்காது தந்த அதே காற்றுப்பைதான் வெடியின் அழுத்த அலையில் முதலில் கிழிகிறது. செத்தவற்றில் பல மீன்கள் மிதக்காமல் அடியிலேயே தங்கி அழுகும், குஞ்சுகளும் மிஞ்சாது. 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே இதைக் குற்றம் என்கிறது. எந்த ஏரியிலாவது பார்த்தால், தயங்காமல் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.